பத்தியம் முடியும் நாளில் ஒரு சோதனை: இரண்டாம் பிள்ளைக்குத் தயாராகும் தோட்டத்து வாசகிக்கு

சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் 29 வயது வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாத அளவுக்குச் சுருக்கித் தருகிறேன்.

மூத்தவனுக்கு இரண்டரை வயது. அவன் வயிற்றில் இருந்தபோது ஆறாம் மாதச் சோதனையில் இனிப்புநீர் (நீரிழிவு) என்றார்கள். ரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 5.6 (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்), இனிப்புத் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 9.1. இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை, சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலேயே ஓட்டியாயிற்று. பிள்ளை 3.9 கிலோ. பிரசவ நேரத்தில் ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 9.6 தான் இருந்தது. விடியற்காலைத் தேநீரோடு விழுங்கி வந்த இரும்புச் சத்து மாத்திரையை ஏழாம் மாதத்தோடு நிறுத்திவிட்டார். காரணம், மலம் கறுப்பாகப் போனது, 'மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை பெருத்து ஆபரேஷனில் போய் நிற்கும்' என்று மாமியார் சொன்னது. பிள்ளை பிறந்து ஆறாம் வாரம் மறுபடியும் சர்க்கரை பார்க்க வரச் சொன்ன கிளினிக்கிற்குப் போகவில்லை. இப்போது அடுத்த பிள்ளைக்கு ஆசைப்படுகிறார். உயரம் 158 செ.மீ., எடை 70 கிலோ. விடியற்காலை நாலே முக்காலுக்கு கெட்டிப்பால் தேநீரும் நாலு பிஸ்கட்டும், பெரட்டு (காலை ஆளெடுப்பு) முடிந்து பத்து மணிக்கு ரொட்டி சானாய், பிறகு வீட்டுக்கு வந்துதான் சோறு. தோட்டத்தில் மருந்தடிப்பும் உரம் போடுவதும் இவர் வேலை.

கேட்டிருப்பவை: சோற்றை அடியோடு நிறுத்திவிட்டால் இந்த முறை இனிப்புநீர் வராதா? கர்ப்பிணிகளுக்கான பால் மாவு இப்போதே குடிக்கலாமா? மாமியார் வைக்கும் நாற்பது நாள் பத்தியத்தை (மூன்று கோப்பைத் தண்ணீர், கீரையும் பழமும் கிடையாது, தினம் சுறாப் புட்டு, இரவில் ஒரு மூடி பிராந்தி) சண்டையில்லாமல் எப்படி மாற்றுவது?

சகோதரி, உங்கள் கேள்விகளுக்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் ஓர் இடத்தில், 'பிள்ளை பிறந்ததும் இனிப்புநீர் போய்விட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். போய்விட்டதா என்று யாரும் பார்க்கவில்லையே. கர்ப்பகால இனிப்புநீர் பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு இறங்கும் என்பது உண்மைதான். நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கின்றன. நஞ்சுக்கொடி வெளியேறியதும் அந்தத் தடை நீங்கிவிடுகிறது. ஆனால் சிலருக்குச் சர்க்கரை இறங்குவதே இல்லை. இறங்கியவர்களிலும் பலருக்குச் சில ஆண்டுகளில் நிரந்தர நீரிழிவாகத் திரும்புகிறது. ஆறாம் வாரச் சோதனை அதைக் கண்டுபிடிக்கத்தான். அதன் பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். நீங்கள் இரண்டரை ஆண்டாகப் பார்க்கவில்லை.

இதை இப்போதே ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சிசுவின் முதுகுத் தண்டுக்கும் மூளைக்கும் அடித்தளமான குழாய் கரு உருவாகி 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. இதயமும் அடுத்த சில வாரங்களில் வடிவம் பெற்றுவிடும். பலருக்கு அந்த நேரத்தில்தான் 'நாள் தள்ளிப் போயிருக்கிறதே' என்ற சந்தேகமே வரும். ரத்தத்தில் சர்க்கரை மிகுந்த நிலையில் கரு தரித்தால் அந்த வாரங்களில்தான் கேடு விளையும். அதற்குப் பிறகு எவ்வளவு கவனமாகச் சாப்பிட்டாலும் அதைத் திருத்த முடியாது. ஆகவே உங்களுக்குக் கர்ப்பகால உணவு என்பது கரு தரிப்பதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்குகிறது.

முதலில் கிளினிக், பிறகு அடுப்படி

உங்கள் ஊர் கெசிஹாத்தான் கிளினிக்கில் (அரசு சுகாதார நிலையத்தில்) 'ப்ரா கெஹாமிலான்', அதாவது கர்ப்பத்துக்கு முந்தைய கவனிப்பு, என்று ஒரு சேவை உண்டு. அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடுகிறேன் என்று மிஸ்ஸியிடம் (தாதியிடம்) சொல்லுங்கள்; பதிவுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). பழைய ரோஸ் புத்தகம் (கர்ப்பப் பதிவேடு) கையிலிருந்தால் எடுத்துப் போங்கள், அந்த 5.6-உம் 9.1-உம் அதில் இருக்கும். சர்க்கரை, ரத்த அளவு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்ப்பார்கள். ரத்தம் இன்னும் குறைவாக இருந்தால் தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) கூறு உண்டா என்றும் கேளுங்கள். அந்தக் கூறு உள்ளவர்களுக்கு எவ்வளவு இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் ரத்தம் ஏறாமல் நிற்கலாம். அப்படி இருந்தால் உங்கள் கணவரும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

போலிக் அமில மாத்திரையை அன்றே கேட்டு வாங்குங்கள். பொதுவாகக் கரு தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் வேண்டும். சோதனையில் நீரிழிவு உறுதியானால் மருத்துவர் 5 மில்லிகிராம் எழுதுவார். கீரை சாப்பிடுகிறேனே என்று இதை விடக்கூடாது, சமைக்கும்போது கீரையிலுள்ள போலேட்டில் நல்ல பங்கு போய்விடும்.

எடையைப் பற்றி ஒரு சொல். உங்கள் உயரத்துக்கு 70 கிலோ என்றால் உடல் எடைக் குறியீடு 28. கரு தரிக்கும் முன் மூன்று, நான்கு கிலோ குறைந்தால்கூட இன்சுலின் நன்றாக வேலை செய்யும். கரு தரித்த பிறகு இளைக்க முயலக் கூடாது. அப்போது உங்களுக்கு ஏற வேண்டியது மொத்தம் 7 முதல் 11.5 கிலோ வரை. 'இரண்டு உயிருக்குச் சாப்பிடு' என்பது ஒட்டிய வயிறோடு பால்மரம் வெட்டப் போன பாட்டிமார் காலத்துக்குச் சரியான பேச்சு. முதல் மூன்று மாதம் கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்கு 80 கலோரி அளவுதான். நடு மூன்று மாதத்தில் 280, கடைசியில் 470 என்று மலேசிய ஊட்டச்சத்துப் பரிந்துரை சொல்கிறது. அந்த 280 கலோரி ஒரு கோப்பைப் பால், ஒரு முட்டை, ஒரு சின்ன வாழைப்பழத்திலேயே வந்துவிடும். உங்களைப் போல ஏற்கெனவே எடை கூடியவர்களுக்கு அதிலும் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம்.

சோற்றை நிறுத்த வேண்டாம், அளந்து போடுங்கள்

கர்ப்ப காலத்தில் ஒரு நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து வேண்டும். அதை அடியோடு வெட்டினால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி ரத்தத்தில் கீட்டோன் ஏறும், அது சிசுவுக்கு நல்லதில்லை. அது மட்டுமில்லை, சோற்றை நிறுத்தியவர்கள் ஒன்பது மணிக்குப் பசி தாங்காமல் பிஸ்கட் டின்னைத் திறப்பார்கள். கணக்கில் வராத சர்க்கரை அங்கேதான் நுழைகிறது.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது சோறு அல்ல, காலைச் சாப்பாடு. கெட்டிப்பால் என்று கடையில் விற்பதில் பெரும்பாலானவை இன்று பாலே அல்ல. செம்பனை எண்ணெயும் சர்க்கரையும் சேர்த்த இனிப்புக் கிரீமர். அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரை, கால்சியம் சொற்பம். ஒரு ரொட்டி சானாயில் சுமார் 300 கலோரி, அதுவும் மைதாவும் மார்ஜரினும். போதாக்குறைக்கு, கர்ப்பிணியின் உடம்பில் இன்சுலினை எதிர்க்கும் ஹார்மோன்கள் விடியற்காலையில்தான் மேலோங்கி இருக்கும். அதே அளவு மாவுப் பண்டம் மதியம் ஏற்றுவதைவிடக் காலையில் சர்க்கரையை அதிகம் ஏற்றும். ஆகவே நாள் முழுதுக்குமான கட்டுப்பாட்டில் மிகக் கண்டிப்பு காலைக்குத்தான்.

பெரட்டு நேரத்துக்குப் பொருந்தும்படி ஒரு நாளை இப்படி வைத்துக்கொள்ளலாம். நாலே முக்காலுக்கு இரண்டு இட்லி, சாம்பார், ஓர் அவித்த முட்டை. தேநீர் வேண்டாம், அதற்குக் காரணம் பின்னால் வருகிறது. பத்து மணிக்கு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன இரண்டு துண்டு முழுக்கோதுமை ரொட்டி, நடுவில் டின் சார்டின். தக்காளிச் சாற்றை வடித்துவிட்டு மீனை முள்ளோடு மசித்து வையுங்கள், கால்சியம் அந்த முள்ளில்தான் இருக்கிறது. மதியம் சீனக் கிண்ணத்தில் தலை தட்டி ஒரு கிண்ணம் சோறு, ஒரு கெம்பொங் மீன் அல்லது அதே அளவு கோழி, தட்டில் பாதி காய்கறி. சாயங்காலம் அரைக் கொய்யாவும் ஒரு கைப்பிடி வறுகடலையும். இரவு மதியத்தைப் போலவே ஒரு கிண்ணம் சோறு அல்லது அதற்கு ஈடாகச் சப்பாத்தி, பருப்பு, தெம்பே அல்லது தௌஹு (இரண்டும் சோயாவில் செய்தவை). படுக்கப் போகும் முன் சர்க்கரை இல்லாமல் ஒரு கோப்பைப் பால். ஓர் இட்லியிலும் ஒரு துண்டு ரொட்டியிலும் சுமார் 15 கிராம், ஒரு கிண்ணச் சோற்றில் 45 கிராம் என்று கூட்டிப் பாருங்கள், 175-ஐத் தொட்டுவிடும். கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் 'சுக்கு-சுக்கு-செப்பாரு' தட்டும் இதையேதான் சொல்கிறது: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் முட்டை, பாதிப் பங்கு காயும் பழமும். நம் வீடுகளில் அந்தப் பாதி இடத்தில் உருளைக்கிழங்குப் பிரட்டல் வந்து உட்கார்ந்துகொள்வதுதான் சிக்கல். உருளைக்கிழங்கு சோற்றின் கணக்கில் சேரும்.

சாப்பிட்டுப் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தாலே சர்க்கரை ஏறும் வேகம் குறையும். தோட்டத்தில்தான் நாள் பூராவும் நடக்கிறேனே என்பீர்கள். நல்லதுதான், ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடப்பதில்லையே.

கர்ப்பிணிப் பால் மாவு கேட்டீர்கள். சாப்பாடு இறங்காமல் மெலிந்து போகிறவருக்கு அது துணை, உங்களுக்கு அது தேவையில்லாத கலோரி. பல மாவுகளில் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். அந்தக் காசுக்கு முட்டையும் மீனும் வாங்குங்கள்.

இரும்பு மாத்திரை: கறுப்பாகப் போவது பயம் இல்லை

கர்ப்பிணிக்கு ரத்த அளவு 11-க்குக் கீழே போனால் சோகை. 9.6-இல் பிரசவத்துக்குப் போனது, கையில் காசில்லாமல் தூரப் பயணம் கிளம்பிய மாதிரி. இயல்பாகவே பிரசவத்தில் ரத்தம் போகும், இருப்பே குறைவானவருக்கு அதைத் தாங்கும் பலம் இருக்காது. மலம் கறுப்பது உறிஞ்சப்படாத இரும்பு வெளியேறுவதால், அது தீங்கில்லாதது. பிள்ளையைப் பெருக்க வைத்ததும் மாத்திரை அல்ல. தாயின் ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை தொப்புள்கொடி வழியாகப் போக, சிசு அதற்கு ஈடாக இன்சுலின் சுரந்து கொழுப்பாகச் சேர்த்துக்கொள்கிறது. 3.9 கிலோவுக்கு அந்த ரொட்டி சானாயைத்தான் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது தேநீர். நீங்கள் மாத்திரையை விடியற்காலைத் தேநீரோடு விழுங்கி வந்திருக்கிறீர்கள். தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும், குடல் அதை உறிஞ்ச முடியாது. கிளினிக்கில் தரும் 200 மி.கி. பெரஸ் பியூமரேட் மாத்திரையில் சுமார் 65 மி.கி. இரும்பு இருக்கிறது, அதில் ஒரு பகுதியைத் தேநீருக்கே கொடுத்திருக்கிறீர்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ, தண்ணீரோடும் ஒரு துண்டு கொய்யாவோடும் எடுங்கள். கொய்யாவின் வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் வேண்டாம். குமட்டினால் படுக்கும் முன் எடுக்கலாம், அப்போது படுக்கை நேரப் பாலைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மலச்சிக்கல் வந்தால் மாத்திரையை நிறுத்தாமல் வேறு வகை மாற்றித் தரச் சொல்லுங்கள். மாத்திரை டப்பாவை மூத்தவனுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துச் சில மாத்திரை விழுங்கினாலும் சின்னப் பிள்ளைக்கு உயிராபத்து.

ரத்தம் ஊற ஆட்டு ஈரல் சாப்பிடச் சொல்வார்கள். மற்ற நாளில் நல்ல உணவுதான். ஆனால் 100 கிராம் ஆட்டு ஈரலில் உள்ள வைட்டமின் ஏ, கர்ப்பிணிக்கான நாள் உச்ச வரம்பான 3,000 மைக்ரோகிராமைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சிசுவின் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதம் தொடவே வேண்டாம். கரு தரிக்க முயலும் மாதங்களிலும் விட்டுவிடுவது மேல். ஆட்டிறைச்சி, மீன், முட்டை, பருப்பு, முருங்கைக்கீரை போதும். பழுத்த பப்பாளியும் அளவான அன்னாசியும் கருவைக் கலைக்காது. காய்ப் பப்பாளியின் பாலைத்தான் தவிர்க்க வேண்டும்.

கரு தரித்தது தெரிந்ததும் பன்னிரண்டு வாரத்துக்குள் கிளினிக்கில் பதியுங்கள். முன்பு இனிப்புநீர் வந்தவர் என்பதால் அப்போதே சர்க்கரைச் சோதனை செய்வார்கள். சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும். வெறும் வயிற்றில் 5.1, இரண்டு மணி நேரத்தில் 7.8, இந்த இரண்டில் ஒன்றை எட்டினாலே இனிப்புநீர். ஊசி போட வேண்டும் என்றால் பயந்து ஓடாதீர்கள், இன்சுலின் சிசுவைச் சென்றடைவதில்லை. அது நீங்கள் தோற்றுப்போனதற்குத் தண்டனையும் அல்ல.

மருந்தடிப்பு வேலையைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அது சாப்பாட்டுக்கு இணையான விஷயம். ஆர்.எஸ்.பி.ஓ. (நிலைத்தன்மையுள்ள செம்பனை எண்ணெய்க்கான அனைத்துலக அமைப்பு) சான்று பெற்ற தோட்டங்களில் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி வேலை செய்யக் கூடாது, ஈடான மாற்று வேலை தர வேண்டும் என்பது விதி. முயலும் மாதத்திலேயே கிளினிக் மருத்துவரிடம் கடிதம் வாங்கி மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். கங்காணியிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம். 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 98 நாள்; கணவருக்கும், ஒரே முதலாளியிடம் ஓராண்டு வேலை செய்திருந்தால், ஏழு நாள் உண்டு.

மாமியாரின் பத்தியம்: பாதி சரி

நாற்பது நாள் ஓய்வு, சூடான சாப்பாடு, பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், முருங்கைக்கீரை, தினம் மீன் என்று உங்கள் மாமியார் சமைப்பதில் பெரும்பகுதியை நான் எழுதிக் கொடுத்தாலும் இப்படித்தான் எழுதுவேன். பாலூட்டும் தாய்க்கு நாளுக்கு 500 கலோரி கூடுதலாக வேண்டும். அதைச் சமைத்துக் கையில் தர ஒருவர் இருப்பது பெரிய கொடை. மாற்ற வேண்டியவை நான்கே நான்கு.

தண்ணீர். மூன்று கோப்பை போதவே போதாது. உடம்பு நீர் வற்றினால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வரும். பிரசவத்துக்குப் பின் காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். 'குளிர்ச்சி' என்பது அவர் கவலை என்றால் சீரகத் தண்ணீரைச் சூடாகவே குடியுங்கள். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு கோப்பை என்று வைத்தால் எண்ணத் தேவையில்லை.

கீரையும் பழமும். தையல் போட்ட உடம்புக்கு நார்ச்சத்து இல்லாமல் முக்குவது எவ்வளவு வேதனை என்று உங்களுக்கே தெரியும். கீரையைப் பூண்டு போட்டு வதக்கினால் 'சூடு' கணக்கில் சேர்ந்துவிடும். சாயூர் மானிஸ் என்ற கீரையைப் பால் சுரக்கும் என்று கொடுத்தால் சமைத்துச் சாப்பிடுங்கள், பச்சைச் சாறாகக் குடிக்காதீர்கள்; 1990-களில் தைவானில் அப்படிக் குடித்தவர்களுக்கு நுரையீரல் கெட்டுப்போனது.

சுறா. சின்ன மீன்களைத் தின்று நெடுநாள் வாழும் மீன் அது. பாதரசம் அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும், பால் வழியாகப் பிள்ளைக்கும் ஓரளவு போகும். அதே மசாலாவில் கெம்பொங்கையோ செலாரையோ அவித்து, முள் நீக்கி உதிர்த்து, புட்டு செய்யச் சொல்லுங்கள். பால் சுரக்க வைப்பது சுறா அல்ல. பிள்ளை நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை உறிஞ்சுவதுதான். பால் கொடுப்பது உங்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பையும் குறைக்கிறது.

பிராந்தியும் லேகியமும். மதுவின் அளவு ரத்தத்தில் எவ்வளவோ பாலிலும் அவ்வளவு. ஒரு மூடி என்று தொடங்குவது ஒரு மூடியில் நிற்பதுமில்லை. வேண்டாம். லேகியத்தில் கருப்பட்டி இருக்கும். சர்க்கரைக்கு அது மாற்று என்று நினைப்பது நம்மிடம் பரவலான தவறு. இனிப்புநீர் வந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான், சுண்டைக்காய் அளவோடு நிறுத்துங்கள். வீட்டில் இடித்த சுக்கு, மிளகு, ஓமம் சமையல் அளவில் இருந்தால் சரி. கடையில் வாங்கும் பத்திய மருந்தில் சுகாதார அமைச்சின் 'மால்' (MAL) பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இல்லையென்றால் வாயில் போடாதீர்கள்.

இதையெல்லாம் நீங்கள் சொன்னால் 'நாலு எழுத்து படித்துவிட்டு வந்துவிட்டாள்' என்று ஆகிவிடலாம். எட்டாம் மாதச் சோதனைக்கு மாமியாரையும் அழைத்துப் போங்கள். 'அத்தைதான் சமைக்கப் போறாங்க, என்ன போடணும்னு அவங்ககிட்டயே சொல்லுங்க மிஸ்ஸி' என்று பேச்சை அவர் பக்கம் திருப்பிவிடுங்கள். அடுப்பு அவர் கையிலேயே இருக்கட்டும்.

ஆறாம் வாரச் சோதனை விழுவது நாற்பத்திரண்டாம் நாள், அதாவது பத்தியம் முடிந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ. சுவர்க் காலண்டரில் இரண்டையும் சேர்த்தே வட்டமிட்டு வையுங்கள். முந்தின இரவு சாப்பிட்ட பிறகு எட்டு முதல் பத்து மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். கிளினிக்கில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துத் தருவார்கள். குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் நடக்காமல், சாப்பிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், வாந்தி எடுத்தால் வேறொரு நாள் திரும்ப வர வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே காத்திருக்கலாம். ஆனால் அது அடுத்த பிரசவத்துக்குப் பிறகு. இந்த வாரம் போக வேண்டிய பழைய பாக்கி ஒன்று இருக்கிறது. அந்த எண்கள் வந்ததும் எழுதுங்கள், கிண்ணத்தின் அளவை அதைப் பார்த்துத் திருத்திச் சொல்கிறேன்.